ஒரு பல்புக்கு இரண்டு சோக் போடாதீர்கள்

போன வருடம் ஒரு கிராமத்துக் கபடி மைதானத்துக்குக் கூப்பிட்டார்கள். மைதான விளக்கில் போடும் 250 வாட் மெட்டல் ஹாலைடு பல்பு ஒன்று வெடித்துவிட்டது, வேறு மாட்டித் தர வேண்டும் என்றார்கள். போய்ப் பார்த்தால் ஃபிட்டிங்கின் முன்கண்ணாடி எப்போதோ உடைந்து போனது, அப்படியே விட்டிருக்கிறார்கள். கீழே கட்டியிருந்த தார்ப்பாயில் மிளகு அளவிலும் புளியங்கொட்டை அளவிலும் ஓட்டைகள், ஓரமெல்லாம் உருகிக் கருகியிருந்தது. ஆட்டம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு வெடித்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு மணி நேரம் முன்னால் அந்தத் தார்ப்பாயின் மேல் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள்.

பல்புக்குப் போகும் கரண்டை மட்டுப்படுத்தும் சுருளான சோக் இருக்கும் பெட்டியைத் திறந்ததும் காரணம் தெரிந்தது. இரண்டு 250 வாட் சோக்கைப் பாரலலாக, அதாவது பக்கம் பக்கமாக இணைத்து, ஒரே பல்புக்குக் கொடுத்திருந்தார்கள். வெளிச்சம் பத்தவில்லை என்று கமிட்டியில் சொல்ல, வயரிங் செய்த தம்பி இப்படிச் செய்திருக்கிறார். பக்கத்துக் கம்பத்திலும் அதே வேலைதான். வயரைக் கவ்விக் கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரை, அங்கே எரிந்துகொண்டிருந்த பல்பின் வயரில் மாட்டினேன், ஐந்தரை ஆம்பியர் காட்டியது. அந்தப் பல்புக்கு 3 ஆம்பியர்தான் கணக்கு.

குண்டு பல்பு சூடானால் தானே கரண்டை மட்டுப்படுத்திக்கொள்ளும். ஹாலைடு, சோடியம், மெர்க்குரி எதற்கும் அந்தக் குணம் கிடையாது, உள்ளே ஆர்க் எனும் மின்சுடர் பிடித்துவிட்டால் கொடுக்கக் கொடுக்க வாங்கிக்கொண்டே போகும், அதைப் பிடித்து நிறுத்துவது சோக் மட்டும்தான். இரண்டை இணைத்தால் தடை பாதியாகிறது, கரண்ட் கிட்டத்தட்ட இரட்டிப்பாகிறது, 250 வாட் பல்பு 500 வாட்டைத் தின்கிறது. உள்ளே இருக்கும் சின்ன குவார்ட்ஸ் குழாய் சாதாரணமாகவே 1000 டிகிரியை ஒட்டிய சூட்டில், வெளிக்காற்றைப் போலப் பல மடங்கு அழுத்தத்தில் நிற்கிறது. அதற்கு மேல் ஏற்றினால் குவார்ட்ஸ் இளகிப் புடைக்கும், ஒருநாள் தெறிக்கும். சோடியம் பல்பு என்றால் வெளிச்சம் வெளுக்கும், அப்புறம் அணைந்து அணைந்து எரியும். பல்பு மட்டுமா, பல்பைப் பற்றவைக்கும் இக்னிட்டர் அதன் மேல் எழுதியிருக்கும் ஆம்பியரைத் தாண்டி ஓடுகிறது, பெட்டிக்குள் இரண்டு சோக்கின் சூடு சேர்கிறது. நான் ஹோல்டர் வயரை வளைத்தபோது இன்சுலேஷன் முறுக்கு போல நொறுங்கிக் கையில் உதிர்ந்தது.

பல்பின் வெளிக்கண்ணாடிக் கூடு மட்டும் உடைந்து உள்குழாய் எரிந்துகொண்டே இருந்தால் அது இன்னொரு ஆபத்து. புற ஊதாக் கதிர் நேராக வெளியே வரும். அப்போது ஒன்றும் தெரியாது, வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகுதான் வெல்டிங் பார்த்த கண் மாதிரி மண் போட்டதுபோல உறுத்தும். அப்படி எரிவதைப் பார்த்தால் உடனே மெயினை ஆஃப் செய்யுங்கள்.

பழைய ஆட்கள் 250 வாட் மெர்க்குரி பல்புக்கு இரண்டு 125 வாட் சோக் போட்டு எரித்திருக்கிறார்கள், உண்மைதான். ஒவ்வொன்றும் 1.15 ஆம்பியர், இரண்டும் சேர்ந்து 2.3, பல்புக்கு வேண்டியது 2.15. அங்கே கணக்கு ஏறக்குறைய ஒத்துப்போனது. அதைப் பார்த்துவிட்டு 250க்கு இரண்டு 250 போடுவது வேறு விஷயம்.

சரி, அந்த மைதானத்தில் வெளிச்சம் ஏன் குறைந்தது? சாயங்காலம் லைனில் 205 வோல்ட்தான் வந்தது, சோக்கில் லைன் வோல்டேஜுக்கு ஏற்ப வயர் கொடுக்கத் தனித்தனி முனைகள் உண்டு, அதுதான் டேப்பிங்; இங்கே 240 வோல்ட் டேப்பிங்கில் கொடுத்திருந்தார்கள். இவ்வளவு வித்தியாசம் இருந்தால் பல்புக்குப் போகும் வாட்டில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். போதாததற்கு மற்ற ஃபிட்டிங்குகளின் கண்ணாடியில் பூச்சியும் புழுதியும் அடையாக அப்பியிருந்தது, பல்புகளும் வயதானவை. ஈரத்துணியால் துடைத்ததிலேயே வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தது. புதுப் பல்பு மாட்டினோம், முன்கண்ணாடி போட்டோம். டேப்பிங்கை உடனே மாற்றவில்லை, ராத்திரி பதினொரு மணிக்கு மேல் வோல்டேஜ் ஏறினால் 220 டேப்பிங்கும் பல்பை அதிகமாக ஓட்டும் என்பதால் இருந்து அளந்தேன். 222க்கு மேல் ஏறவில்லை, அப்புறம்தான் மாற்றினேன்.

கூடுதலாகப் போட்டிருந்த சோக்குகளைக் கழற்றித் தம்பியிடமே கொடுத்தேன். அவற்றைப் புது ஃபிட்டிங்குகளில், ஒன்றுக்கு ஒரு பல்பு என்று மாட்டிக் கிழக்குப் பக்கக் கம்பத்தில் ஏற்றியிருக்கிறார்.