ஓடர் ஆற்றில் கடல் பாசி

2022 ஜூலை இறுதியில் போலந்தின் ஓடர் ஆற்றில் மீன்கள் செத்து மிதக்கத் தொடங்கின. ஆகஸ்டில் அந்தச் சாவு ஜெர்மன் எல்லைவரை இறங்கி வந்தது. மடிந்த மீன்கள் மட்டும் சுமார் 360 டன். சிப்பிகளும் நத்தைகளும் தனி. யாரோ பாதரசத்தைக் கொட்டிவிட்டார்கள் என்று முதலில் பேச்சு அடிபட்டது. பரிசோதனைகள் அதை உறுதிப்படுத்தவில்லை.

துப்பு கிடைத்தது, எல்லையோர ஃபிராங்க்ஃபர்ட் நகரின் தானியங்கிக் கண்காணிப்பு நிலையத்தில் (மைன் ஆற்றங்கரையிலுள்ள பெரிய ஃபிராங்க்ஃபர்ட் வேறு). கோடையில் மீன்கள் கூட்டமாகச் செத்தால் நீரில் ஆக்சிஜன் தீர்ந்திருக்கும் என்றே எவரும் நினைப்பார்கள். இங்கோ ஆக்சிஜன் கூடியிருந்தது. காரத்தன்மை ஏறியிருந்தது, நைட்ரேட் இறங்கியிருந்தது. ஏதோ ஒன்று நீருக்குள் பெருமளவில் ஒளிச்சேர்க்கை செய்கிறது என்பதற்கு இவை அடையாளம். மின்கடத்துதிறனும் உயர்ந்திருந்தது; ஆற்று நீர் உப்பேறிவிட்டது என்று அதற்குப் பொருள்.

நுண்ணோக்கியில் அகப்பட்டது பிரிம்னீசியம் பார்வும் என்ற பொன்னிறப் பாசி. ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு அளவேயுள்ள ஒற்றைச் செல் உயிரி. கழிமுகங்களின் உவர்நீரே அதன் வழக்கமான இடம். சூரிய ஒளியில் உணவு தயாரிப்பதோடு பாக்டீரியாக்களையும் பிற நுண்ணுயிர்களையும் பிடித்து விழுங்கும். அது சுரக்கும் பிரிம்னீசின் என்ற நஞ்சு செல்களின் சவ்வைச் சிதைக்கிறது. மீனின் உடலில் நீரோடு மிக நெருங்கி உறவாடும் மெல்லிய திசு செவுள்தான். நஞ்சின் முதல் அடி அங்கே விழுகிறது. சுற்றிலும் ஆக்சிஜன் நிறைந்திருந்தும் மீன் மூச்சுத் திணறிச் சாகிறது. எனக்கு இந்த நிகழ்விலேயே மிகக் கொடுமையாகப் படுவது இதுதான்.

கடலோரப் பாசிக்கு உள்நாட்டு ஆற்றில் என்ன வேலை? செக் நாட்டு மலைகளில் பிறந்து, போலந்தின் சிலேசியா வழியாக ஓடி, பிறகு போலந்து-ஜெர்மனி எல்லையாகி, பால்டிக் கடலை அடைகிறது ஓடர். ஏறத்தாழ 850 கிலோமீட்டர் பயணம். மேல் சிலேசியா நிலக்கரி நாடு. அங்கே ஆழத்துப் பாறைகளுக்குள் பழங்கால உப்புநீர் தேங்கிக் கிடக்கிறது. சுரங்கம் மூழ்காமலிருக்க அதை ஓயாமல் இறைத்து வெளியேற்றுகிறார்கள். அது ஓடைகள் வழியே ஓடருக்கு வந்து சேர்கிறது. கீழே செப்புச் சுரங்கப் பகுதியின் உப்பும் சேர்கிறது. வயல்களிலிருந்தும் கழிவுநீரிலிருந்தும் வரும் நைட்ரஜனும் பாஸ்பரசும் பாசிக்கு உரம். கப்பல் போக்குவரத்துக்காக மேல் ஓடரில் வரிசையாகக் கட்டிய தடுப்பணைகளும் ஓடரோடு இணையும் கிளிவிட்சே கால்வாயும் நீரை ஏறக்குறைய நிறுத்திவைக்கின்றன. பாசி பெருக அந்த ஓய்வு தேவை. வேகமாக ஓடும் ஆறு அதைப் பெருகும் முன்னே அடித்துச் சென்றுவிடும்.

இவையெல்லாம் பல ஆண்டுகளாக இருந்தவைதாம். 2022 கோடையில் வறட்சியும் வெப்பமும் சேர்ந்துகொண்டன. ஆற்றில் நீர் குறைந்தபோதும் உப்பு வரத்து ஓயவில்லை. அதே அளவு உப்பு, முன்பைவிடக் குறைவான நீரில் கரைந்தது. எவ்வளவு உப்பை விடலாம் என்ற அனுமதி, ஆற்றில் அன்றன்று ஓடும் நீரின் அளவோடு கட்டப்பட்டிருக்க வேண்டும் என்பதே இந்தப் பேரழிவிலிருந்து நான் முதன்மையாக எடுத்துக்கொள்ளும் செய்தி. பலருடைய குழாய்களும் ஒரே ஆற்றில்தான் சேர்கின்றன என்பதையும் அந்தக் கணக்கில் கொண்டுவர வேண்டும்.

பாசி போய்விடவில்லை. 2023 கோடையில் கிளிவிட்சே கால்வாயில் மீண்டும் மீன்கள் செத்தன. சாதகமற்ற காலத்தில் தடித்த உறைக்குள் உறங்கிக் கிடந்து பிறகு விழித்தெழவும் அந்தப் பாசியால் முடியும். ஹைட்ரஜன் பெராக்சைடு தெளித்து அதை அழிக்கப் போலந்தில் முயன்றிருக்கிறார்கள். அது பெருக்கத்தைத் தற்காலிகமாக அடக்கலாம், உப்பைத் தொடாது. உப்புநீரைக் குளங்களில் தேக்கி, ஆறு நிறைந்தோடும்போது மட்டும் திறந்துவிடுவது ஒரு வழி. உப்பைப் பிரித்தெடுப்பது இன்னொன்று. அதற்கு மின்சாரம் ஏராளமாகச் செலவாகும். நிலக்கரி வெட்டுவதை நிறுத்தினால் தானாகச் சரியாகிவிடும் என்றும் காத்திருக்க முடியாது. பக்கத்துச் சுரங்கம் மூழ்காமலிருக்க, மூடப்பட்ட சுரங்கங்களிலிருந்தும் நீரை இறைத்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது.