மசாஜ், ரிஃப்ளெக்ஸாலஜி: தமிழில் எப்படிச் சொல்வது?

'மசாஜ்' பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். பிரெஞ்சுக்கு அது எங்கிருந்து வந்தது என்பதில்தான் வழக்கு. தொடுதலைக் குறிக்கும் 'மஸ்ஸ' என்ற அரபுச் சொல் என்பார்கள் சிலர்; மாவு பிசைவதைக் குறிக்கும் 'அமஸார்' என்ற போர்த்துகீசியச் சொல் என்பார்கள் வேறு சிலர். 1798-இல் எகிப்துக்குப் போன நெப்போலியன் படையோடு வந்தது என்ற கதை எனக்கு ஒட்டவில்லை. வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்கப் புதுச்சேரியில் காத்திருந்து, மேகம் மறைத்ததால் ஏமாந்துபோனாரே வானியலாளர் லெ ஜாந்தி, அவருடைய 1779-ஆம் ஆண்டுப் பயண நூலிலேயே மசாஜ் செய்வதைச் சொல்லும் பிரெஞ்சு வினைச்சொல் வந்துவிட்டது. ஷாம்பூவும் ஆங்கிலத்தில் முதலில் மசாஜ்தான். உடம்பை அமுக்குவதைச் சொல்லும் இந்திச் சொல்லிலிருந்து போனது.

நமக்குச் சொல் பஞ்சமே இல்லை. காலைப் பிடித்துவிடுகிறோம், முதுகை அமுக்கிவிடுகிறோம், சுளுக்கை உருவிவிடுகிறோம். மேலோட்டமாகக் கை ஓடினால் நீவுதல். கட்டைவிரலை அழுத்தி நரம்போடு இழுத்தால் உருவுதல். சிகிச்சையாகச் செய்வதற்குச் சித்த மருத்துவத்தில் பெயரே உண்டு: தொக்கணம். 32 புற மருத்துவ முறைகளில் ஒன்று. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் என அதில் 9 வகை. 'மர்த்தனம்' என்றும் எழுதுகிறார்கள், பேச்சில் யாரும் சொல்வதில்லை.

ரிஃப்ளெக்ஸாலஜிதான் சிக்கல். பள்ளிப் பாடத்தில் 'ரிஃப்ளெக்ஸ்' என்றால் அனிச்சைச் செயல். அப்படியே 'அனிச்சையியல்' என்று மாற்றினால் ஏதோ நரம்பியல் பாடம் போலாகிவிடும். செய்வது என்ன? கால் விரல் நுனி தலைக்கு, உள்பாத வளைவு முதுகெலும்புக்கு என்று ஒரு வரைபடம் வைத்துக்கொண்டு அந்தந்த இடத்தை அழுத்துகிறார்கள். அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஃபிட்ஸ்ஜெரால்டு தொடங்கியதை 1930-களில் யூனிஸ் இங்ஹாம் பாதத்துக்குக் கொண்டுவந்தார். அதனால் 'பாதப்புள்ளி அழுத்தம்' போதும். கையிலும் காதிலும் செய்வார்களே என்றால், சரி, அங்கே 'கைப்புள்ளி', 'காதுப்புள்ளி'.

இவற்றை 'மாற்று மருத்துவம்' என்று எழுதுவதுதான் பெரிய பிழை. சிகிச்சைக்குப் பதிலாக அல்ல, அதோடு சேர்த்துச் செய்வது என்பதால் 'துணை மருத்துவம்' என்பதே சரி. அலுப்பும் மன இறுக்கமும் குறையலாம். ஆனால் பாதத்தின் சிறுநீரகப் புள்ளியை அழுத்தினால் சிறுநீரக நோய் தீரும் என்பதற்கு நல்ல சான்று இல்லை. மாத்திரையை நிறுத்தக் கூடாது. சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்களும் காலில் ரத்தக்கட்டி உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் காலைக் கொடுக்கவே வேண்டாம்.