ஹாபி: குதிரையில் வந்த சொல்லுக்குத் தமிழில் என்ன பெயர்?

மூத்தோர் மன்றம் ஒன்றில் சேர்வதற்காக அத்தைக்குப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தேன். பெயர், வயது, இரத்த வகை எல்லாம் முடிந்து 'பொழுதுபோக்கு' என்ற கட்டத்துக்கு வந்ததும் அத்தை கையை விரித்தார். "எனக்கேது கண்ணு பொழுதுபோக்கு? இருக்கிற வேலைக்குப் பொழுதே பத்த மாட்டேங்குது." சொல்லும்போது அவர் மடியில் பாதி பின்னிய வயர் கூடை கிடந்தது. முப்பது வருடமாக, மதியச் சாப்பாடு முடிந்து ஏனம் கழுவிக் கவிழ்த்ததும் அவர் கை அந்த வயரைத்தான் தேடும். ஒரு கூடைகூட விற்றதில்லை. சீர் கொண்டுபோகிற வீட்டுக்கெல்லாம் அத்தை கூடை ஒன்றும் சேர்ந்து போகும்.

கேள்வி அவருக்குப் புரியாமல் இல்லை. கேட்ட சொல்தான் அவர் செய்வதைத் தொடவே இல்லை. அன்றிலிருந்து இந்த ஹாபி என்ற சொல்லும் அதற்கு நாம் வைத்திருக்கும் தமிழும் என்னை விடவில்லை.

ஹாபி முதலில் ஒரு குதிரை. இடைக்கால இங்கிலாந்தில் ராபர்ட், ராபின் என்ற பெயர்களைச் செல்லமாக ஹாப், ஹாபின் என்று அழைப்பார்கள். உழவர்கள் தங்கள் குதிரைகளுக்கும் அந்தப் பெயரை வைத்தார்கள், நம் ஊரில் மாட்டைச் செவலை என்றும் மயிலை என்றும் கூப்பிடுவதுபோல. நாளடைவில் சிறிய, சுறுசுறுப்பான குதிரை எதுவானாலும் ஹாபி ஆயிற்று. அயர்லாந்தில் இந்தப் பெயரில் ஒரு குதிரை இனமே இருந்தது. அதில் ஏறிப் போரிட்ட இலகு குதிரைவீரர்களுக்கு ஹோபிலர் என்று பெயர்.

அடுத்து அது ஆட்டக் குதிரையானது. திருவிழாவில் ஒருவர் குதிரைக் கூட்டை இடுப்பில் மாட்டிக்கொண்டு ஆடுவார். அந்தக் குதிரைக்கு ஹாபி ஹார்ஸ் என்று பெயர். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் பாட்ஸ்டோ என்ற ஊரில் இன்றும் ஒவ்வொரு மே முதல் நாளும் இது தெருவில் ஆடிவருகிறது.

இந்த இடத்தைப் படித்தபோது தஞ்சாவூர்தான் என் கண்முன் வந்தது. நம் பொய்க்கால் குதிரையும் இப்படித்தானே! இடுப்பில் குதிரைக் கூடு, காலில் மரக்கட்டை, ராஜா ராணி வேடம், பின்னால் நையாண்டி மேளம். தஞ்சை மராட்டியர் காலத்தோடு சேர்த்துப் பேசப்படும் ஆட்டம் இது. மரக்காலில் நின்று ஆடுவது அதற்கும் வெகுகாலம் முந்தையது. மாயவள் ஆடிய மரக்கால் ஆடலைச் சிலப்பதிகாரம் பதினொரு ஆடல்களில் ஒன்றாகச் சொல்கிறது. இரண்டு நாட்டுக்கும் கொடுக்கல் வாங்கல் இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஹாபி என்ற சொல்லின் வயிற்றுக்குள் இருப்பது எது என்று ஒரு தமிழருக்குக் காட்ட வேண்டுமானால் பொய்க்கால் குதிரையைக் காட்டினால் போதும்.

பிறகு அந்தப் பெயர் குழந்தைகளிடம் வந்தது. ஒரு குச்சி, அதன் நுனியில் குதிரைத் தலை. கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு ஓட வேண்டியதுதான். எங்கும் போய்ச் சேராத குதிரை, ஆனாலும் குழந்தைக்கு இறங்க மனம் வராது. 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர்கள் இதைப் பெரியவர்களுக்கும் ஏற்றிச் சொன்னார்கள். ஒருவர் தனக்குப் பிடித்த ஒன்றை விடாமல் செய்துகொண்டிருந்தாலோ, விடாமல் பேசிக்கொண்டிருந்தாலோ, அவர் தன் ஹாபி ஹார்ஸில் ஏறிவிட்டார் என்றார்கள்.

இந்தப் பொருளை ஊரறியச் செய்தது லாரன்ஸ் ஸ்டெர்ன் 1759 முதல் 1767 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட 'டிரிஸ்ட்ரம் ஷாண்டி' என்ற நாவல். அதில் டோபி என்றொரு சித்தப்பா வருகிறார். நமூர் கோட்டை முற்றுகையில் அடிபட்டுத் திரும்பிய படைவீரர். எங்கே, எப்படி அடிபட்டது என்று பார்க்க வருகிறவர்களுக்கு விளக்கப்போய்த் திணறுகிறார். விளக்குவதற்காக வரைபடம் வாங்குகிறார். வரைபடம் போதாமல் கோட்டைகளைப் பற்றிய நூல்களைத் தேடிப் படிக்கிறார். கடைசியில் உதவியாளர் டிரிம்மோடு சேர்ந்து தோட்டத்துப் புல்வெளியிலேயே மண்ணைக் குவித்துக் கோட்டையும் அகழியும் கட்டத் தொடங்கிவிடுகிறார். அந்த நாவல் இதைத்தான் அவருடைய ஹாபி ஹார்ஸ் என்கிறது. வளர்ந்த மனிதர் ஒருவர் ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதற்கே திரும்பத் திரும்பப் போவதை இதைவிடக் கனிவாக எழுதியவர்களை நான் படித்ததில்லை. காயத்தை ஆற்ற வந்த வேலை அது, நேரத்தைத் தள்ள வந்ததில்லை.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பின்பாதியான ஹார்ஸ் உதிர்ந்து ஹாபி மட்டும் நின்றது. குதிரை போனது ஆங்கிலத்தில்தான். ஜெர்மன் மொழியில் ஹாபியைக் குறிக்கும் பழைய சொல் ஷ்டெக்கன்ஃபேர்ட், அதாவது குச்சிக் குதிரை. டச்சு மொழியிலும் அப்படியே. பிரெஞ்சில் குழந்தைகள் குதிரையை மழலையாகச் சொல்லும் 'டாடா' என்பதே பெரியவர்களின் ஹாபிக்கும் பெயர். பிரெஞ்சுக்காரர்களிடம் இன்னொரு தொடரும் உண்டு: 'ஆங்கிரின் வயலின்'. ஓவியர் ஆங்கிர் வயலினிலும் மனதைக் கொடுத்தவர். அவரை வைத்துப் பிறந்த தொடர். ஒருவரின் தொழிலுக்கு வெளியே அவர் மனம் போய் உட்காரும் கலை என்று பொருள்.

ஹாபி என்ற பெயரில் ஒரு வல்லூறும் உண்டு. அதன் பெயர் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது, குதிரைக்கும் அதற்கும் உறவில்லை. இரண்டும் ஒரே ஒரு முறை மோதிக்கொண்டன. மேசைமேல் விரலால் சுண்டி ஆடும் கால்பந்து விளையாட்டு ஒன்றை 1940களில் உருவாக்கிய பீட்டர் அடால்ஃப் அதற்கு ஹாபி என்று பெயர் வைக்க விரும்பினார். அது வணிகப் பெயராகப் பதிவு பெறவில்லை. பறவை ஆர்வலரான அவர் அந்த வல்லூறின் அறிவியல் பெயரில் பாதியை எடுத்துச் சுப்புட்டியோ என்று வைத்துவிட்டார்.

இனி நம் சொல். பொழுது என்றால் காலம், சூரியனும்கூட. 'பொழுது சாய்ந்தது' என்கிறோமே, அந்தப் பொழுது. போக்குதல் என்றால் போகச் செய்தல். ஆகு ஆக்கு ஆவதுபோலப் போகு போக்கு ஆனது. ஆகப் பொழுதுபோக்கு என்பது போகாமல் நிற்கும் பொழுதைத் தள்ளிவிடுவது. ஆங்கிலத்தின் பாஸ்டைமும், அதற்கு முன்மாதிரியான பிரெஞ்சுச் சொல்லும் இதே கட்டுமானம்தான்.

சொல்லில் குற்றமில்லை. ரயில் நிலையத்தில் வண்டி தாமதமானால் நாம் செய்வதற்கு அதுவே சரியான பெயர். திரைப்படத்தைப் பொழுதுபோக்குப் படம் என்கிறோம், ராட்டினங்கள் சுற்றும் இடத்தைப் பொழுதுபோக்குப் பூங்கா என்கிறோம், அவையும் பொருந்துகின்றன. சிக்கல் எங்கே என்றால், மொட்டைமாடியில் புறாக் கூண்டின் முன் விடியற்காலையில் நிற்கிறவரையும் அதே சொல்லால் அழைக்கிறோம். கர்ணப் புறா எத்தனை முறை கர்ணம் அடிக்கிறது என்று அண்ணாந்தே கழுத்து வலித்துப்போனவர் அவர். வேலைக்குப் போகுமுன் அந்த அரை மணி நேரத்தை எங்கிருந்தோ பிடுங்கிக்கொண்டு வருகிறார். அவரிடம் போக்குவதற்குப் பொழுது மிச்சமில்லை. என் அத்தை சொன்னதும் அதுவேதான். பொழுதுபோக்கு என்ற சொல் பொழுது மிஞ்சிக் கிடப்பதாக நினைத்துக்கொள்கிறது. ஹாபி உள்ளவர்களுக்கோ பொழுது எப்போதும் பற்றாது.

பழைய தமிழில் இதற்கு என்ன இருந்தது என்று தேடினால் முதலில் கிடைப்பது விளையாட்டு. தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் உவகை பிறக்கும் இடங்கள் நான்கு: செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு. அவற்றை 'அல்லல் நீத்த உவகை' என்கிறது நூல். செல்வத்துக்கும் அறிவுக்கும் காதலுக்கும் பக்கத்தில் விளையாட்டுக்கும் ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள்! குழந்தைகளுக்கென்று அதை ஒதுக்கியதாகத் தெரியவில்லை. அதே தொல்காப்பியத்தின் உரியியல் கெடவரல், பண்ணை என்ற இரண்டு சொற்களுக்கும் விளையாட்டு என்று பொருள் சொல்கிறது. பண்ணை இன்று கோழிக்கும் மாட்டுக்கும் போய்விட்டது, கெடவரல் வழக்கிலேயே இல்லை.

பெரியவர்களின் விளையாட்டுக்கு என்னிடம் இருக்கும் மிகப் பழைய படம் புறநானூற்றின் 52ஆம் பாடல். மருதன் இளநாகனார் பாடியது. பாண்டியனின் பகைவர் நாடு பாழாகிக் கிடக்கும் கோலத்தைக் காட்ட அவர் ஊர் கூடும் மன்றமான பொதியிலுக்குள் நம்மைக் கூட்டிப்போகிறார். 'நரைமூ தாளர் நாயிடக் குழிந்த வல்லின் நல்லகம்' என்கிறார். வல் என்பது சூதாட்டம், நாய் என்பது அதில் உருட்டும் காய். நரைத்த கிழவர்கள் காயை வைத்து வைத்து ஆடியதில் அந்த இடம் குழிந்துபோயிருக்கிறது. இப்போது கிழவர்கள் இல்லை, அந்தக் குழி நிறையக் காட்டுக்கோழி முட்டையிடுகிறது. எத்தனை நாள் வந்து ஆடியிருந்தால் தரை குழியும்! ஊர் இருந்தது என்பதற்கு அரண்மனையைக் காட்டாமல் இந்தக் குழியைக் காட்டினாரே, அதற்காகவே அவரைக் கும்பிடத் தோன்றுகிறது.

விளையாட்டு இன்று ஓடியாடும் போட்டிக்குப் போய்விட்டதால் ஹாபிக்கு அதை மீட்க முடியாது. இப்படி வேறிடம் போன சொற்கள் இன்னும் சில உண்டு. வடமொழி விநோதம் மூலத்தில் மனச்சோர்வை விரட்டுவது. சிலப்பதிகார உரையிலே சாந்திக்கூத்துக்கு எதிர்ப்பக்கத்தில் விநோதக்கூத்து நிற்பது அந்தப் பொருளில்தான். மலையாளத்தில் இன்றும் விநோதம் என்றால் மகிழ்விப்பது, தமிழில் அது விசித்திரம் ஆகிவிட்டது. விலாசம் என்றால் களிப்பு, இப்போது வீட்டு முகவரி. பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சென்னையில் சுகுண விலாச சபை என்ற நாடகக் குழுவைத் தொடங்கியபோது மனதில் இருந்தது பழைய விலாசம். வழக்குரைஞராக இருந்து நீதிபதியும் ஆன அவர் கூலிக்கு நடித்தவர் இல்லை. படித்தவர்கள் மேடையேறினால் இழுக்கு என்றிருந்த காலத்தில், வேறு உத்தியோகம் பார்ப்பவர்கள் விரும்பி நடித்த சபை அது. அமெச்சூர் நாடகம் என்கிறோமே, அந்த அமெச்சூரும் லத்தீனில் 'நேசிப்பவர்' என்ற சொல்லிலிருந்து வந்ததுதான். இன்று அதைக் கற்றுக்குட்டி என்ற பொருளில் இறக்கிவிட்டோம், எனக்கு வருத்தம்தான்.

உருது ஷௌக் என்பது ஏக்கத்தோடு கூடிய விருப்பம். இந்தியில் ஹாபிக்கு அதைத்தான் சொல்கிறார்கள். நம்மிடம் அது சோக்கு ஆகி, அழகு, ஆடம்பரம் என்ற பக்கம் ஒதுங்கிவிட்டது. தெலுங்கில் அபிருசி, கன்னடத்தில் ஹவ்யாசம். முதலாவது சுவையைப் பிடித்தது, இரண்டாவது பழக்கத்தைப் பிடித்தது.

அப்படியானால் நாம் எதைப் பிடிப்பது? ஓய்வுநேரப் பணி என்று சிலர் எழுதுகிறார்கள். பணி என்றதும் சம்பளப் பதிவேட்டின் வாடை வருகிறது. ஆர்வம் நல்ல சொல், ஆனால் ஆர்வம் வந்த வேகத்தில் போகவும் கூடும். தெருவில் மக்கள் சொல்வது பைத்தியம், கிறுக்கு, பித்து: 'அவனுக்குப் புறாப் பைத்தியம்.' உண்மைக்கு இதுதான் கிட்டே நிற்கிறது, படிவத்தில் எழுத முடியாது என்பதுதான் குறை.

நான் தேர்ந்தெடுப்பது நாட்டம். நாடு என்ற வினையிலிருந்து பிறந்தது. நாடுதல் தேடிப் போவது. பழந்தமிழில் நாட்டத்துக்குக் கண் என்றும் பொருள் உண்டு. கண் எங்கே திரும்பத் திரும்பப் போகிறதோ அங்கேதான் மனமும் இருக்கிறது. புதிதாக ஆக்கிய சொல்லும் இல்லை. 'அவருக்குப் பாட்டில் நாட்டம்' என்று எல்லோரும் சொல்கிறோம். ஆங்கில அச்சில் 'என் ஹாபி நாணயம் சேர்ப்பது' என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றி 'என் நாட்டம் நாணயம் சேர்ப்பது' என்றால் இடறும். 'எனக்கு நாணயம் சேர்ப்பதில் நாட்டம்' என்று தமிழ் வாக்கியமாகவே வைத்தால் இடறாது. படிவத்தில் 'நாட்டங்கள்' என்று ஒரு கட்டம் இருந்தால் யாருக்கும் புரியும். பொழுதுபோக்கு திரைக்கும் பூங்காவுக்கும் இருந்துகொள்ளட்டும்.

அத்தையின் படிவத்தில் 'பொழுதுபோக்கு' என்பதை அடித்துவிட்டு, பக்கத்தில் 'நாட்டம்' என்று எழுதி, 'வயர் கூடை பின்னுவது' என்று நிரப்பிக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "வெறும் கூடைன்னு எழுதுனா எப்படி? சிவன் கண் கூடைன்னு எழுது. நெல்லிக்காய் முடிச்சும் போடுவேன், அதையும் சேர்த்துக்கோ." கட்டத்தில் இடம் போதவில்லை. தாளின் ஓரத்தில் எழுதினேன்.