ரப்பருக்கு எப்போ மன அழுத்தம் வந்துச்சு?

இழுத்துக் கட்டின ரப்பர் சவ்வு எப்படி அதிருதுன்னு சொல்ற ஒரு கட்டுரையில 'ஸ்ட்ரெஸ் சாஃப்ட்னிங்'குக்கு 'மன அழுத்தம் தணிதல்'னு போட்டிருந்தாங்க. அகராதியில முதல்ல கிடைச்சதை எடுத்து ஒட்டுற வேலை, சிரிச்சுட்டு விட்டுடலாம்.

ஸ்ட்ரெஸ்னா மூலத்துல இறுக்கிக் கட்டுறது. பொறியியல்ல, இழுக்குற பொருளுக்குள்ள பரப்பளவுக்கு இவ்வளவுன்னு உண்டாகுற விசை. தமிழ்ல தகைவு, தகைதல்னா தடுத்து நிறுத்துறது, பொருத்தமான சொல்தான். அழுத்தம்னு எழுதாதீங்க, அது பிரஷர்.

எனக்கு உண்மையிலேயே எரிச்சல் ஸ்ட்ரெஸ் சாஃப்ட்னிங்குக்கே போடுற 'தகைவுத் தளர்வு' மேலதான், ஏன்னா அது தப்புன்னே யாருக்கும் தெரியறதில்ல. தளர்வுங்கறது ரிலாக்சேஷன், அதாவது ரப்பரை ஒரே நீளத்துல இழுத்துப் பிடிச்சு வச்சா நேரம் போகப் போக விசை குறையறது. சாஃப்ட்னிங்னு நாம பேசுறது அது இல்ல. பலூனை முதல் தடவை ஊத கன்னம் வலிக்கும், காத்தை விட்டுட்டு மறுபடி ஊதினா லேசா போகும்ல, அது. முன்னாடி எவ்வளவு தூரம் இழுத்தோமோ அதுக்குள்ள மட்டும்தான் இந்த இளக்கம், அந்த அளவைத் தாண்டினா ரப்பர் பழைய முறுக்குக்கே திரும்பிடும். 1940கள்ல மல்லின்ஸ்ங்கற ஆராய்ச்சியாளர் விரிவா ஆராய்ஞ்சதால மல்லின்ஸ் விளைவுன்னும் பேரு, கரித்தூள் கலந்த ரப்பர்ல ரொம்பத் தெளிவா தெரியும்.

இப்ப சவ்வுக்கு வாங்க. அதிர்வெண் இழுவிசையோட வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஒரு தடவை நல்லா விரிச்சுட்டு பழைய விரிப்புக்கே கொண்டுவந்து தட்டினா எடை அதேதான், ஆனா இழுவிசை 19% குறைஞ்சிருந்தா சுருதி 10% இறங்கிடும். ஒரு பக்கமா மட்டும் அதிகம் இழுத்திருந்தா இன்னும் வேடிக்கை, வட்டச் சவ்வுல ஒரே அதிர்வெண்ல இருந்த ஜோடி அதிர்வுகள் ரெண்டு அதிர்வெண்ணா பிரிஞ்சுடும். இங்க 'தளர்வு'ன்னு எழுதினா படிக்கிறவன் என்ன நினைப்பான், சும்மா வச்சிருந்ததால சுருதி இறங்கிடுச்சுன்னுதானே? சோதனையே தலைகீழாயிடுது! மொழிபெயர்க்கிறவங்க அந்த பலூனை ஒரு தடவை ஊதிப் பாத்திருந்தா போதும்.

'மென்மையாதல்' பரவாயில்ல, ஆனா தொட்டா மெத்துன்னு இருக்குங்கற மாதிரி கேக்குது. என் ஓட்டு 'தகைவு இளக்கம்'. சேர்த்து மட்டும் எழுதிடாதீங்க, 'தகைவிளக்கம்'னு ஆகி எதுக்கோ விளக்கம் சொல்ற மாதிரி ஆயிடும்.