சுருட்டிய பாய் திரும்பி வரும்போது

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு இனிப்புக் கடை. தீபாவளி ஆர்டர் தொடங்கும் முன் தங்கள் இணையதளத்தின் பாதுகாப்பைச் சோதித்துத் தரச் சொல்லி அண்ணாச்சி கூப்பிட்டிருந்தார். தளத்தை எழுதியவர் உள்ளூர்க் கல்லூரியில் படித்த தம்பி. கடவுச்சொல் சேமிப்பு, டேட்டாபேஸோடு பேசும் எஸ்கியூஎல் எல்லாம் நேர்த்தியாகவே செய்திருந்தார். கூடையில் உள்ள சாமான்களை மட்டும் குக்கியில், அதாவது வாங்குபவரின் பிரவுசரில் தங்கும் சிறு குறிப்பில், வைத்திருந்தார்.

"அதுல என்னண்ணே இருக்கு? அரைக்கிலோ அல்வா, கால்கிலோ மிக்சர். அவ்வளவுதான" என்றார்.

குக்கியைப் பிரித்துப் பார்த்தேன். எடையும் எண்ணிக்கையும் மட்டுமல்ல, எந்த கிளாஸின் (நிரலில் எழுதிவைத்த அச்சு) ஆப்ஜெக்ட் (அந்த அச்சில் வார்த்த பொருள்) என்பதும் அதிலேயே எழுதியிருந்தது. சர்வர் அதை வாங்கி நேராக அன்சீரியலைஸ் ஃபங்ஷனுக்குள் போட்டது.

பத்தமடைப் பாயை நினைத்துக்கொள்ளுங்கள். விரித்தபடி பஸ்ஸில் ஏற்ற முடியாது, சுருட்டித்தான் ஆகவேண்டும். நினைவகத்தில் விரிந்து கிடக்கும் ஆப்ஜெக்டை ஒரே வரி எழுத்தாகச் சுருட்டுவது சீரியலைஸ். திரும்ப விரிப்பது டீசீரியலைஸ். இந்தத் தளம் எழுதப்பட்ட பிஎச்பி மொழியில் அதைச் செய்வதுதான் அன்சீரியலைஸ். குக்கியில் வைத்தால், நாம் சுருட்டிய பாய் முன்பின் தெரியாதவர் வீட்டில் தங்கிவிட்டு வருகிறது. வந்தது நம் பாய்தானா, உள்ளே பாம்பு இருக்கிறதா என்று பார்க்காமலே விரிக்கிறோம்.

"விரிச்ச பெறகு கூடைதானான்னு செக் பண்ணுதேனே" என்றார் தம்பி. பலர் சறுக்கும் இடம் இதுதான். பிஎச்பியில் ஆப்ஜெக்ட் இப்படி உயிர்பெறும்போது அதன் கிளாஸில் எழுதியுள்ள வேக்கப் மெத்தடும் (செயல்பகுதி), அழியும்போது டிஸ்ட்ரக்ட் மெத்தடும் தாமாகவே ஓடும். எந்த கிளாஸ் என்பதைத் தீர்மானிப்பவர் குக்கியை அனுப்புகிறவர். அடுத்த வரியில் உள்ள சோதனை நடப்பதற்குள் ஒன்று ஓடி முடிந்திருக்கும். சோதனையில் தோற்றுப்போன ஆப்ஜெக்டும் அழிந்துதானே ஆகவேண்டும், அப்போது மற்றது ஓடும்.

அவர் தளத்தில் படங்களைச் சிறிதாக்க ஒரு கிளாஸ் இருந்தது. வேலை முடிந்து அழியும்போது தற்காலிகக் கோப்பை நீக்கிவிடும். கூடையின் இடத்தில் அந்த கிளாஸின் பெயரை எழுதி, கோப்பின் பாதையையும் மாற்றி அனுப்பினேன். நகல் சர்வரில் நானே வைத்திருந்த கோப்பு மறைந்தது. நான் ஒரு வரி நிரல்கூட உள்ளே அனுப்பவில்லை. வெறுங்கையோடு வந்த திருடன் வீட்டு அரிவாளையே எடுத்த கதை.

இப்படி ஏற்கெனவே உள்ள கிளாஸ்களை ஒன்றோடொன்று கோப்பதை கேட்ஜெட் செயின் என்பார்கள். ஜாவா உலகம் இதை 2015இல் பட்டுத் தெரிந்துகொண்டது. அப்பாச்சி காமன்ஸ் கலெக்‌ஷன்ஸ் என்ற சாதாரண நிரல் நூலகத்தை வைத்தே சர்வரில் கட்டளை ஓட்டலாம் என்று பாதுகாப்பு ஆய்வாளர்கள் கிறிஸ் ஃப்ரோஹாஃபும் கேப்ரியல் லாரன்ஸும் காட்டினார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் வெப்லாஜிக், ஜென்கின்ஸ் போன்ற சர்வர் மென்பொருள்கள் எல்லாம் அதே வழியில் விழுந்தன. பைத்தான் மொழியில் இதே சுருட்டு வேலையைச் செய்யும் பிக்கிளில் அவ்வளவு கோக்கக்கூடத் தேவையில்லை. நம்பாத தரவை அதில் விரிக்காதீர்கள் என்று அதன் ஆவணமே எச்சரிக்கிறது. கண்ட இடத்தில் ஏஐ மாடல் இறக்கும் மாணவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். பல மாடல் கோப்புகள் பிக்கிள்தான்.

கூடையை சர்வர் பக்கமே வைக்கச் சொன்னேன். குக்கியில், யாருடைய கூடை என்று அடையாளம் காட்டும் செஷன் எண் மட்டும். வெளியே போய்வர வேண்டியது இருந்தால் வெறும் தரவை மட்டும் எழுதும் ஜேசன் வடிவம் போதும், விலையை டேட்டாபேஸிலிருந்துதான் எடுக்க வேண்டும். எந்த கிளாஸ்களை அனுமதிப்பது என்று கட்டுப்படுத்தும் வசதி பிஎச்பி 7 முதல் உண்டு. ஆனால் அதை நம்பியும் வெளியாள் தரவை உள்ளே விடாதீர்கள் என்கிறது பிஎச்பி கையேடு. யாரும் மாற்றவில்லை என்று தெரிய ரகசியச் சாவியால் கையொப்பமிட்டு அனுப்பலாம், அந்தச் சாவி கசிந்தால் அதுவும் போயிற்று. 2025 ஜூலையில் மைக்ரோசாஃப்ட்டின் ஷேர்பாயிண்ட் சர்வர்களைத் தாக்கியவர்கள் சாவிகளையே திருடினார்கள். ஓட்டையை அடைக்கும் பேட்ச் போட்டாலும் சாவியை மாற்றாதவரை பழைய சாவியோடு அவர்கள் திரும்ப நுழைய முடிந்தது.

அன்சீரியலைஸ் என்ற சொல்லைத் தேடுவது மட்டும் போதாது. பிஎச்பி 8க்கு முந்தைய சர்வர்களில், ஃபார் வகைக் கோப்பு (பிஎச்பி நிரல்களைக் கட்டிவைக்கும் மூட்டை) ஒன்று இருக்கிறதா என்று கேட்டாலே, அதற்குள் சுருட்டி வைத்திருப்பதை பிஎச்பி தானாக விரித்துவிடும்.

திருத்தி முடித்தபோது இரவு ஒன்பதரை. "இதே கூடையைத்தாண்ணே வேற ஆறு கடைக்கும் போட்டுக் குடுத்திருக்கேன்" என்றார் தம்பி. வண்ணார்பேட்டை டீக்கடையில் உட்கார்ந்து ஒவ்வொரு கடைக்காரருக்கும் போன் போட ஆரம்பித்தார்.