இரண்டு மானிட்டர், ஒரு டாக்: கடைக்குப் போகும் முன் லேப்டாப்பின் போர்ட்டைப் பாருங்கள்

ஒரே டைப்-சி கேபிளில் லேப்டாப்போடு மானிட்டர்களையும் மற்ற சாதனங்களையும் இணைக்கும் பெட்டிதான் டாக். அதன் அட்டைப்பெட்டியில் ‘இரண்டு 4கே மானிட்டர்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டினால் ஒரு மானிட்டர் ஒளிரும், இன்னொன்று ‘சிக்னல் இல்லை’ என்று சொல்லிவிட்டு அணைந்துவிடும். கேபிளை மாற்றிப் பார்ப்பார்கள், மானிட்டரைச் சந்தேகிப்பார்கள், கடைசியில் டாக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அதே வகையில் இன்னொன்றை வாங்குவார்கள். அதிலும் அதே கதைதான். பெரும்பாலான நேரங்களில் எந்தப் பொருளும் பழுதாகி இருக்காது. அந்த லேப்டாப்பின் டைப்-சி போர்ட்டால் அவ்வளவுதான் தர முடியும். ஆயிரக்கணக்கில் பணம் போட்டுவிட்டு இதைத் தெரிந்துகொள்வதைவிட, முன்பே பத்து நிமிடம் செலவழித்துப் பார்த்துவிடலாம்.

டைப்-சி என்பது துளையின் வடிவத்துக்கு மட்டுமே பெயர். உள்ளே என்ன ஓடுகிறது என்பது லேப்டாப்புக்கு லேப்டாப் மாறும். சிலவற்றில் சார்ஜிங்கும் தரவும் மட்டும் போகும், படம் போகவே போகாது. ஒரே லேப்டாப்பில் இரண்டு டைப்-சி போர்ட் இருந்து, அவற்றில் ஒன்று மட்டும் படம் தருவதும் உண்டு. போர்ட் பக்கத்தில் மின்னல் குறி இருந்தால் அது பெரும்பாலும் தண்டர்போல்ட் என்ற அதிவேக இணைப்பு. ஆங்கில ‘டி’ எழுத்துக்குள் ‘பி’ இருப்பது போன்ற குறி இருந்தால் டிஸ்ப்ளேபோர்ட் என்ற பட இணைப்பு முறையில் படம் வரும். குறி எதுவும் இல்லை என்பதாலேயே படம் வராது என்று முடிவு கட்டவும் கூடாது. பல தயாரிப்பாளர்கள் குறி போடுவதே இல்லை. லேப்டாப்பின் அடியில் உள்ள முழு மாடல் எண்ணைக் கொண்டு தயாரிப்பாளரின் விவரப் பக்கத்தில் தேடி, ‘டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட்’, ‘தண்டர்போல்ட்’, ‘யுஎஸ்பி4’ ஆகிய சொற்களில் எது இருக்கிறது என்று பாருங்கள். நண்பரிடம் டைப்-சியிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் சாதாரண அடாப்டர் இருந்தால் இன்னும் சுலபம். ஒரு மானிட்டரை மாட்டிப் பாருங்கள், படம் வந்தால் அந்தப் போர்ட் படம் தரும்.

படம் வருகிறது என்றால் அடுத்த கேள்வி, எத்தனை மானிட்டருக்கு, எந்த அளவில் என்பது. இங்கேதான் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். பலரும் தடுக்கி விழும் இடமும் இதுதான்.

டைப்-சி போர்ட்டில் நான்கு அதிவேகத் தடங்கள் உண்டு. சாதாரண டைப்-சி டாக் அவற்றில் இரண்டைப் படத்துக்கும், மற்ற இரண்டை யுஎஸ்பி 3 தரவுக்கும் எடுத்துக்கொள்ளும். லேப்டாப் டிஸ்ப்ளேபோர்ட் 1.2 தரும் என்றால் ஒரு தடத்தில் படத்துக்குக் கிடைப்பது விநாடிக்கு 4.32 ஜிகாபிட், இரண்டு தடத்துக்கு 8.64. டிஸ்ப்ளேபோர்ட் 1.4-இன் முழு வேகம் கிடைத்தால் இரண்டு தடத்துக்கு 12.96. இனி மானிட்டர் பக்கம் வருவோம். 60 ஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பித்து ஓடும் 1920×1080 மானிட்டருக்குச் சுமார் 3.3 ஜிகாபிட் வேண்டும். 2560×1440 மானிட்டருக்குச் சுமார் 5.8. 4கே (3840×2160) மானிட்டருக்குச் சுமார் 12.8.

கூட்டிப் பாருங்கள். 8.64-க்குள் இரண்டு 1080 மானிட்டர் தாராளமாக அடங்கும். ஒரு 1440-உம் ஒரு 1080-உம் சேர்ந்தால் 9.1 ஆகிவிடும், அடங்காது. 4கே ஒன்றே ஒன்று என்றாலும் 60 ஹெர்ட்ஸில் வராது, 30 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். 12.96 இருந்தால் இரண்டு 1440 மானிட்டர் ஓடும். 4கே என்றால் ஒன்றோடு நின்றுவிடும், இரண்டாவதற்கு இடம் மிஞ்சாது. லேப்டாப்பின் கிராஃபிக்ஸ், டாக் இரண்டிலுமே டிஎஸ்சி என்ற படச் சுருக்க வசதி இருந்தால் இந்த வரம்பைத் தாண்டலாம். ஒரு பக்கம் மட்டும் இருந்து பயனில்லை. பெட்டியில் ‘இரண்டு 4கே’ என்று போட்டிருப்பது பெரும்பாலும் 30 ஹெர்ட்ஸ் கணக்காகவோ, டிஎஸ்சி உள்ள லேப்டாப்பை மனதில் வைத்தோ எழுதியதாக இருக்கும். சிறிய எழுத்தில் கீழே இருப்பதைப் படியுங்கள். 30 ஹெர்ட்ஸில் மவுஸ் அம்பு இழுபட்டு இழுபட்டு நகரும். நாள் முழுக்க எழுத்தும் அட்டவணையும் பார்ப்பவர்களுக்கு அது பெரிய தொந்தரவு. அதைவிட 1440 மானிட்டர் இரண்டை 60 ஹெர்ட்ஸில் ஓட்டுவது எவ்வளவோ மேல் என்பதே எங்கள் கருத்து.

தண்டர்போல்ட் 3, தண்டர்போல்ட் 4 போர்ட்டுகளின் வேகம் 40 ஜிகாபிட் என்பதால் இந்த இழுபறி கிட்டத்தட்ட இல்லை. தண்டர்போல்ட் 4 என்று சான்று பெற வேண்டுமானால் லேப்டாப் குறைந்தது இரண்டு 4கே மானிட்டர்களைத் தாங்கியாக வேண்டும். தண்டர்போல்ட் 3-இல் அந்தக் கட்டாயம் இல்லாததால் விவரப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். தண்டர்போல்ட் டாக்கின் விலை அதிகம். உங்கள் லேப்டாப்பில் அந்தப் போர்ட் இல்லையென்றால் அந்தப் பணம் வீண். பழைய தண்டர்போல்ட் 3 டாக் பல, சாதாரண டைப்-சி போர்ட்டில் வேலையே செய்யாது. தண்டர்போல்ட் 4 டாக் என்றால் சாதாரண டைப்-சி டாக் அளவுக்கு இறங்கி ஓடும்.

மேக்புக் வைத்திருப்பவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒரே டிஸ்ப்ளேபோர்ட் இணைப்பைப் பல மானிட்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் முறைக்கு எம்எஸ்டி என்று பெயர். விண்டோஸில் அது ஓடும். மேக் இயங்குதளத்தில் ஓடாது. அதனால் சாதாரண டைப்-சி டாக்கில் இரண்டு மானிட்டர் மாட்டினால் இரண்டிலும் ஒரே படம்தான் தெரியும். எவ்வளவு விலை உயர்ந்த மேக்புக்காக இருந்தாலும் இதுதான் நிலை. தண்டர்போல்ட் டாக் வாங்கினாலோ, ஒவ்வொரு மானிட்டருக்கும் தனித்தனிப் போர்ட் கொடுத்தாலோ தீரும். ஆனால் சிப்பும் அனுமதிக்க வேண்டும். ஆப்பிளின் அடிப்படை எம்1, எம்2 சிப் உள்ள மேக்புக் ஏர், 13 அங்குல மேக்புக் ப்ரோ ஆகியவை வெளியே ஒரே ஒரு மானிட்டரைத்தான் தாங்கும். எம்3 மேக்புக் ஏரில் மூடியை மூடிவைத்தால் இரண்டு கிடைக்கும். எம்4 மேக்புக் ஏரில் மூடி திறந்திருந்தாலும் இரண்டு ஓடும். எம்1 ப்ரோ சிப்பிலேயே இரண்டுக்கு இடம் உண்டு.

போர்ட் படம் தராது, அல்லது எம்1 ஏரில் இரண்டு மானிட்டர் கட்டாயம் வேண்டும் என்றால் டிஸ்ப்ளேலிங்க் டாக் ஒரு வழி. இது படத்தை லேப்டாப்பின் பிராசசரைக் கொண்டே சுருக்கி, சாதாரண யுஎஸ்பி தரவாக அனுப்பி, டாக்குக்குள் இருக்கும் சிப்பில் விரித்துக் காட்டும். டிரைவர் என்ற துணை மென்பொருளை நிறுவாமல் வேலை செய்யாது. அலுவலக லேப்டாப்பில் மென்பொருள் நிறுவ அனுமதி இல்லையென்றால், வாங்கும் முன் ஐடி பிரிவிடம் கேட்டுவிடுங்கள். மேக்கில் அந்த மென்பொருளுக்குத் திரைப்பதிவு அனுமதி கொடுக்க வேண்டும். கொடுத்தபின் பாதுகாப்புப் பூட்டுள்ள ஓடிடி படங்கள் பிரவுசரில் கருப்பாகத் தெரிந்தால் பழுது என்று நினைக்க வேண்டாம். இந்த முறையின் விளைவு அது. லேப்டாப் தொடங்கும்போது வரும் பயோஸ் திரையும் இந்த மானிட்டர்களில் வராது, டிரைவர் ஏறிய பிறகுதான் படம் வரும். மின்னஞ்சல், எக்செல், நிரல் எழுதுவது போன்ற வேலைகளுக்கு நன்றாகவே போதும். வீடியோ எடிட்டிங், விளையாட்டு என்றால் நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

டாக்கே தேவைப்படாத வழியும் உண்டு. விண்டோஸ் லேப்டாப்பில் எச்டிஎம்ஐ போர்ட் இருந்தால் ஒரு மானிட்டரை அதில் நேராக மாட்டிவிட்டு, இன்னொன்றை டைப்-சி அடாப்டரில் மாட்டுங்கள். பலருக்கு இதுவே போதும், செலவும் மிகக் குறைவு.

கேபிள் விஷயத்தில் மிச்சம் பிடிக்க வேண்டாம். போன் சார்ஜருடன் வரும் டைப்-சி கேபிள் பெரும்பாலும் யுஎஸ்பி 2 கேபிள், அதில் படம் போகாது. டாக்குடன் வந்த கேபிளையே பயன்படுத்துங்கள். தண்டர்போல்ட் 3-க்கான சாதாரணக் கேபிள் நீளம் கூடினால் 40 ஜிகாபிட் தராது, 20-க்கு இறங்கிவிடும். மேசை அமைப்பை 0.8 மீட்டர் கேபிளுக்கு ஏற்றபடி வைத்துக்கொள்வது நல்லது. மலிவான ஹப்களில் (சிறிய, எளிய டாக்குகளில்) இருக்கும் எச்டிஎம்ஐ 1.4 போர்ட் 4கேயை 30 ஹெர்ட்ஸில்தான் தரும். 60 வேண்டுமென்றால் எச்டிஎம்ஐ 2.0 தேவை. டாக்கில் டிஸ்ப்ளேபோர்ட்டும் மானிட்டரில் எச்டிஎம்ஐயும் இருந்தால் ஒன்றை மற்றொன்றாக மாற்றும் கேபிள் சுலபமாகக் கிடைக்கும். ஆனால் அந்தக் கேபிள் ஒருவழிப் பாதை. எச்டிஎம்ஐயிலிருந்து டிஸ்ப்ளேபோர்ட் மானிட்டருக்குப் போக அதைத் திருப்பி மாட்டினால் படம் வராது, மின்சாரம் எடுத்து இயங்கும் தனி அடாப்டர் வேண்டும்.

மின்சாரக் கணக்கையும் பார்த்துவிடுங்கள். தனி அடாப்டர் இல்லாத ஹப்பில் லேப்டாப் சார்ஜரை மாட்டினால், ஹப் தனக்கென்று 10 முதல் 15 வாட் வரை பிடித்துக்கொள்ளும். 65 வாட் சார்ஜரில் லேப்டாப்புக்கு 50 முதல் 55 வாட்தான் போய்ச் சேரும். ‘மெதுவான சார்ஜர்’ என்ற எச்சரிக்கை வருவதும், பளு கூடும்போது மானிட்டர் கண் சிமிட்டுவதும் இதனால்தான். 60 வாட்டுக்கு மேல் வேண்டுமென்றால் கேபிளும் 5 ஆம்பியர் தாங்குவதாக இருக்க வேண்டும். இத்தகைய ஹப்பில் சார்ஜரைச் செருகும்போதும் பிடுங்கும்போதும் இரண்டு திரையும் ஒரு கணம் கருப்பாகி மீள்வது இயல்பு.

மாட்டும் வரிசை இது. முதலில் டாக்குக்கு மின்சாரம். பிறகு இரண்டு மானிட்டர்களையும் டாக்கில் மாட்டி, அவற்றை ஆன் செய்து, மானிட்டர் மெனுவில் சரியான இன்புட்டைத் தேர்ந்தெடுங்கள். கடைசியில் லேப்டாப்பை இணையுங்கள். விண்டோஸில் விண்டோஸ் விசையுடன் ‘ஓ’வுக்கு அடுத்துள்ள ‘பி’யை அழுத்தி ‘எக்ஸ்டெண்ட்’ கொடுங்கள். டிஸ்ப்ளே செட்டிங்ஸில் ‘ஐடென்டிஃபை’ அழுத்தினால் எந்தத் திரை எந்த எண் என்று தெரியும். மேசையில் இருக்கும் வரிசைப்படி பெட்டிகளை இழுத்து வையுங்கள். இல்லையென்றால் மவுஸ் தவறான பக்கம் ஓடும். பிறகு ‘அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே’யில் ஒவ்வொரு மானிட்டருக்கும் ரெஃப்ரெஷ் ரேட் 60 என்று இருக்கிறதா எனப் பாருங்கள். பலர் இதைப் பார்ப்பதே இல்லை, மாதக்கணக்கில் 30-இல் ஓட்டிக்கொண்டிருப்பார்கள். லேப்டாப்பை மூடிவைத்து வேலை செய்வதென்றால், பவர் ஆப்ஷன்ஸில் மூடியை மூடினால் ‘எதுவும் செய்யாதே’ என்று மாற்றிவிடுங்கள்.

நேற்று வரை ஓடியது இன்று ஓடவில்லை என்றால், முதலில் டாக்கின் மின் இணைப்பையும் லேப்டாப் கேபிளையும் பிடுங்கி அரை நிமிடம் விட்டு மறுபடி மாட்டுங்கள். ஸ்லீப்பிலிருந்து எழுந்ததும் ஒரு திரை மட்டும் வரவில்லையா? விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றோடு ‘வி’க்கும் ‘என்’னுக்கும் நடுவில் உள்ள ‘பி’யை அழுத்தினால் கிராஃபிக்ஸ் டிரைவர் புதிதாகத் தொடங்கும். அடிக்கடி நடந்தால் மானிட்டர் மெனுவில் ‘டீப் ஸ்லீப்’ வசதியை அணையுங்கள். லேப்டாப் பயோஸ், கிராஃபிக்ஸ் டிரைவர், டாக்கின் உள் மென்பொருளான ஃபர்ம்வேர் மூன்றையும் அந்தந்தத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து புதுப்பியுங்கள். ஃபர்ம்வேர் ஏறும்போது மின்சாரம் போகக்கூடாது, கேபிளையும் தொடக்கூடாது. இரண்டாவது மானிட்டர் அப்போதும் வரவில்லையென்றால், இரண்டின் ரெசல்யூஷனையும் 1080-க்கு இறக்கிப் பாருங்கள். உடனே வந்துவிட்டால் மேலே போட்ட ஜிகாபிட் கணக்குதான் காரணம்.

டாக் மாட்டியதிலிருந்து வயர்லெஸ் மவுஸ் திக்கித் திணறினால் மவுஸைக் குறை சொல்ல வேண்டாம். யுஎஸ்பி 3 இணைப்பிலிருந்து கசியும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தொந்தரவு செய்யும். 2012-லேயே இன்டெல் இதைத் தொழில்நுட்ப அறிக்கையாக வெளியிட்டிருக்கிறது. மவுஸின் ரிசீவரை டாக்கிலிருந்து எடுத்து, ஒரு சிறிய யுஎஸ்பி 2 நீட்டிப்புக் கேபிளில் செருகி, மானிட்டருக்கு முன்னால் மேசைமேல் வைத்துவிடுங்கள்.