நட்சத்திர வேட்பாளர்: சொல் விளக்கம்

தேர்தல் தேதி அறிவித்த மறுநாளே நாளிதழ்களில் முளைத்துவிடும் சொற்றொடர் இது. 2009இல் மொராதாபாத்தில் முகமது அசாருதீன் நின்றபோது அவர் நட்சத்திர வேட்பாளர். 2019இல் கிழக்கு டெல்லியில் கௌதம் கம்பீர், 2024இல் மேற்கு வங்கத்தின் பஹரம்பூரில் யூசுப் பதான் என்று பட்டியல் நீள்கிறது. முன்னாள் கிரிக்கெட் வீரர்களான இந்த மூவரும் வென்று மக்களவைக்குப் போனார்கள். ஒவ்வொரு முறையும், ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள் அரசியலுக்கு வரலாமா என்ற கேள்வியும் கூடவே வந்தது. அந்தக் கேள்விக்கான விடையில் பாதி, நாம் தினமும் எழுதும் இந்தத் தொடருக்குள்ளேயே இருக்கிறது. ‘நட்சத்திரம்’ என்பதும் ‘வேட்பாளர்’ என்பதும் எதிரெதிர்த் திசையில் இழுக்கிற இரண்டு சொற்கள்.

முதலில் வேட்பாளர். வேள் என்பது விரும்புதல் என்ற பொருள் கொண்ட பழைய வினையடி. நள் என்பதிலிருந்து நட்பு வந்ததுபோல வேள் என்பதிலிருந்து வேட்பு வந்தது. வேட்கை, வேள்வி, வேட்டல் எல்லாம் இதன் உறவுகள். இது வெறும் ஆசையைக் குறிக்கும் வேர் அன்று. தாகத்தை ‘நீர்வேட்கை’ என்று சித்த மருத்துவ நூல்கள் சொல்லும். ஒருவரை மணம் செய்துகொள்வதும் வேட்டல், தீ வளர்த்து வேள்வி செய்வதும் வேட்டல். தொண்டை வறளும் அளவுக்கு வேண்டுவது, வாழ்நாள் முழுக்கப் பொறுப்பேற்பது, எதையாவது கொடுத்துப் பெறுவது ஆகிய மூன்றும் இந்த வேரில் கலந்திருக்கின்றன. பின்னால் வரும் ‘ஆளர்’ எழுத்தாளர், தொழிலாளர் என்பவற்றில் உள்ள அதே ஆளர்தான். உடையவர் என்று பொருள். ஆகவே, ஒரு பொறுப்பின்மேல் தமக்கே வேட்கை உடையவர்தான் வேட்பாளர். கட்சி விரும்புகிறது, தலைவர் விரும்புகிறார், ரசிகர்கள் விரும்புகிறார்கள் என்பதெல்லாம் இந்தச் சொல்லுக்குள் வராது. விருப்பம் நிற்பவருடையதாக இருக்க வேண்டும்.

இதே வேர் திருக்குறளில் வருமிடம் எனக்கு மிகவும் பிடித்தது. அமைச்சரைப் பற்றிப் பேசும் பகுதியில், சொல்வன்மை அதிகாரத்தில், ‘வேட்பத்தாஞ் சொல்லிப் பிறர்சொல் பயன்கோடல் மாட்சியின் மாசற்றார் கோள்’ என்கிறது 646ஆம் குறள். பிறர் விரும்பும்படி தாம் பேச வேண்டும். பிறர் பேசும்போது அதன் பயனை எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் பாதி மேடைக்குரியது. இரண்டாம் பாதி அவையில் உட்கார்ந்து, அடுத்தவர் பேச்சைப் பொறுமையாகக் கேட்பவருக்குரியது. புகழோடு வருபவர்களுக்கு முதல் பாதி பேசத் தொடங்கும் முன்பே கிடைத்துவிடுகிறது. இரண்டாம் பாதிக்கு நாள்தோறும் அவைக்கு வர வேண்டும்.

வேட்பாளர் என்ற சொல் நிலைபெறுவதற்கு முன் நம்மிடம் இருந்தது ‘அபேட்சகர்’. வடமொழியின் அபேட்சையிலிருந்து வந்தது. எதிர்பார்ப்பு, விருப்பம் என்று பொருள். ஈட்ச என்ற பார்த்தல் வேர் அதற்குள் இருக்கிறது, நம்முடைய ‘எதிர்பார்’ என்பதற்குள் ‘பார்’ இருப்பதுபோல. என் தாத்தா கடைசிவரை அபேட்சகர் என்றேதான் சொன்னார். ஒலிபெருக்கி கட்டிய வண்டி தெருவைக் கடந்ததும் திண்ணையிலிருந்து, “அபேட்சகர் வந்தாரா, வண்டி மட்டும் வந்துட்டுப் போகுதா?” என்று கேட்பார். யாராவது ஒருவர் இறங்கி வந்து கையைப் பிடித்துப் பேசினால்தான் அவர் கணக்கில் அது வாக்குக் கேட்டதாகும். தனித்தமிழ் உணர்வு வளர்ந்த காலத்தில் அபேட்சகர் போய் வேட்பாளர் வந்தது நல்ல மாற்றம். பொருளும் கெடவில்லை, அழுத்தமும் கூடியது.

ஆங்கிலத்தின் ‘கேண்டிடேட்’ முற்றிலும் வேறிடத்திலிருந்து வருகிறது. லத்தீனில் காண்டிடுஸ் என்றால் பளபளக்கும் வெண்மை; காண்டிடாட்டுஸ் என்றால் வெள்ளாடை உடுத்தியவர். ரோமில் பதவிக்குப் போட்டியிடுபவர், தம் மேலாடைக்குச் சுண்ணப்பொடி தேய்த்துக் கண்ணைப் பறிக்கும் வெண்மையாக்கிக்கொண்டு சந்தைக்கு வருவார். வாக்குக் கேட்பதற்காக இப்படித் துணியை வெளுக்கக் கூடாது என்று கி.மு. 432இலேயே ஒரு சட்டம் போட்டதாக ரோம வரலாறு சொல்கிறது. வழக்கம் நிற்கவில்லை, சொல்லாகவே தங்கிவிட்டது. மொழியியலாளர்கள் இந்த லத்தீன் வேரையும் வடமொழியின் சந்திரனையும் ஒரே குடும்பத்தில் வைக்கிறார்கள். நம்முடைய சொல் உள்ளத்தில் இருக்கும் வேட்கையைச் சொல்கிறது. அவர்களுடைய சொல் உடம்பின்மேல் இருக்கும் பளபளப்பைச் சொல்கிறது.

அந்த ரோம வேட்பாளர் தெருவில் நடக்கும்போது பக்கத்திலேயே ஓர் அடிமை வருவான். எதிரில் வருபவரின் பெயரை எசமானரின் காதில் மெல்லச் சொல்வது அவன் வேலை. பெயர் காதில் விழுந்ததும், நெடுநாள் பழகியவர்போல எசமானர் கைகுலுக்குவார். ஏமாற்றுதான். ஆனாலும் வாக்காளரின் பெயர் தெரிந்திருக்க வேண்டும் என்ற வெட்கமாவது அதில் இருந்தது. இன்றைய நட்சத்திரத்தின் நிலை தலைகீழ். ஊரே அவர் பெயரைச் சொல்லிக் கூவுகிறது. அந்த ஊரில் ஒருவர் பெயரும் அவருக்குத் தெரியாது.

அடுத்து நட்சத்திரம். நாடகத்திலும் திரையிலும் ஒளிர்பவரை ஆங்கிலத்தில் அப்படிச் சொல்ல, நாம் எடுத்துக்கொண்டோம். விண்மீன் என்ற அழகான தமிழ்ச் சொல் இருந்தாலும் ‘விண்மீன் வேட்பாளர்’ என்று எவரும் சொல்லப்போவதில்லை, சொல்லவும் வேண்டாம். தமிழில் விண்மீனுக்கு வெள்ளி என்ற பெயரும் உண்டு. விடிவெள்ளியும் வால்வெள்ளியும் அதில் பிறந்தவை. வெள்ளியின் வேர் வெண்மை. சுற்றி வந்து மறுபடியும் சுண்ணப்பொடியிடமே சேர்ந்துவிட்டோம்.

இந்த ‘நட்சத்திர’ அடைமொழிக்குச் சட்டத்தோடு தொடர்புடைய ஓர் இடமும் இருக்கிறது, ஆனால் அது வேட்பாளருக்கானது அன்று. நட்சத்திரப் பேச்சாளர் பட்டியல் என்று கட்சிகள் தேர்தல் ஆணையத்திடம் கொடுக்கின்றன. அங்கீகாரம் பெற்ற கட்சிக்கு 40 பேர், பதிவு மட்டும் செய்த கட்சிக்கு 20 பேர் என்பது வழக்கமான வரம்பு. அவர்களுடைய பயணச் செலவு வேட்பாளரின் கணக்கில் சேராது. வெளிச்சம் வேண்டுமென்றால் அதற்கென்றே ஓர் ஏற்பாடு இருக்கிறது என்பதுதான் இதன் பொருள். ஒரு முன்னாள் வீரர் தாம் நம்பும் கட்சிக்காக மூன்று வாரம் ஊர் ஊராகப் பேசிவிட்டு வீட்டுக்குப் போகலாம். அதில் எந்தக் குறையும் இல்லை. அந்த மூன்று வார வேலைக்குரியவரை ஐந்தாண்டு வேலைக்கு நிறுத்தும்போதுதான் தொகுதி அனாதையாகிறது. என் கோபம் ஆட்டக்காரர்கள்மேல் அல்ல, இந்த இரண்டையும் வேண்டுமென்றே குழப்புகிற கட்சிகள்மேல்தான்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். 2012இல் சச்சின் டெண்டுல்கர் மாநிலங்களவைக்குப் போனதும், 2022இல் பி.டி. உஷா போனதும் நியமனத்தால். அவர்கள் வேட்பாளர்களே அல்லர். நியமனத்துக்கான அரசமைப்புச் சட்டத்தின் 80ஆவது பிரிவு இலக்கியம், அறிவியல், கலை, சமூக சேவை ஆகியவற்றைத்தான் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. விளையாட்டு அந்த வரியில் இல்லை.

விளையாட்டு வீரருக்கு வேட்கை இருக்காது என்று சொல்வது அநியாயம். முப்பத்தைந்து வயதில் ஒரு தொழில் முடிந்துபோன மனிதருக்கு முன்னால் இன்னும் முப்பது ஆண்டு உழைப்பு இருக்கிறது. லைபீரியாவின் ஜார்ஜ் வெயாவைப் பாருங்கள். மன்ரோவியாவின் குடிசைப் பகுதியில் வளர்ந்து, 1995இல் உலகின் சிறந்த கால்பந்து வீரரானவர். 2005 அதிபர் தேர்தலில் முதல் சுற்றில் முந்தி, இரண்டாம் சுற்றில் எல்லன் ஜான்சன் சர்லீஃபிடம் தோற்றார். படிப்பில்லாதவர் என்று ஏளனம் செய்தார்கள். அதன்பின் அமெரிக்காவில் படித்துப் பட்டம் பெற்றார். 2011இல் துணை அதிபர் பதவிக்கு நின்று மறுபடியும் தோற்றார். 2014இல் செனட்டர், 2017 தேர்தலில் அதிபர். பன்னிரண்டு ஆண்டுத் தாகம் அது. பாகிஸ்தானில் இம்ரான் கான் 1996இல் கட்சி தொடங்கி, 1997 தேர்தலில் ஓர் இடம்கூட வெல்லாமல், 2018இல்தான் பிரதமரானார். வேட்கை இருந்தால் ஆட்சி நன்றாக அமையும் என்று நான் சொல்லவில்லை. இம்ரான் 2022 ஏப்ரலில் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் பதவியிழந்தார்; வெயாவை 2023இல் மக்கள் குறுகிய வித்தியாசத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள், அவரும் கண்ணியமாக ஒப்புக்கொண்டு விலகினார். ஆனால் இருவரையும் வேட்பாளர் என்று கூசாமல் எழுதலாம். மாறாக பிலிப்பைன்ஸின் மேனி பாக்கியாவ், நாடாளுமன்ற உறுப்பினராக இருந்துகொண்டே குத்துச்சண்டை மேடையிலும் ஏறிக்கொண்டிருந்தார். அவைக்கு வராததற்காகக் கடும் கண்டனத்துக்கு ஆளானார்.

மக்கள் நட்சத்திரத்தைக் கண்டால் மயங்கிவிடுவார்கள் என்பதும் முழு உண்மை அன்று. பல்வங்கர் பாலு 1911 இங்கிலாந்துப் பயணத்தில் நூறு விக்கெட்டுகளுக்கு மேல் எடுத்த சுழற்பந்து வீச்சாளர். தலித் என்பதால் புனேயில் அவருக்குத் தேநீர் மைதான மாளிகைக்கு வெளியே மண் குவளையில் கொடுக்கப்பட்டது. உடன் ஆடியவர்கள் உள்ளே பீங்கான் கோப்பையில் குடித்தார்கள். அந்தப் பாலுவை 1937இல் பம்பாயில் அம்பேத்கருக்கு எதிராகக் காங்கிரஸ் நிறுத்தியது. பாலு சாதாரணமானவர் அல்லர், ஒடுக்கப்பட்டோருக்கான தேர்தல் இடங்கள் பற்றிய 1932இன் புனே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர். ஆனாலும் மக்கள் அம்பேத்கரையே தேர்ந்தார்கள்.

சரி, ‘நட்சத்திர வேட்பாளர்’ என்பதற்கு நல்ல தமிழ் என்ன? புகழ்முக வேட்பாளர் என்று புதிதாக ஒன்று செய்ய வேண்டியதில்லை. ‘நாடறிந்த வேட்பாளர்’ என்பது பேச்சிலும் எழுத்திலும் ஏற்கெனவே புழங்கும் நடைக்கு ஒத்தது. அதில் ஓர் இலக்கண நயமும் உண்டு. நாடு அறிந்த என்று எழுவாயாகக் கொண்டால், நாட்டால் அறியப்பட்டவர். நாட்டை அறிந்த என்று வேற்றுமைத் தொகையாகக் கொண்டால், நாட்டைத் தெரிந்தவர். இரண்டாவது பொருளுக்கும் ஒருவர் பொருந்துகிறாரா என்று தலைப்பு எழுதும் துணை ஆசிரியர் ஒரு நொடி யோசிக்கட்டும். பொருந்தாவிட்டால் ‘முன்னாள் கிரிக்கெட் வீரர்’ என்று எழுதினால் போதும். தொகுதியில் எந்த வாய்க்கால் தூர்ந்திருக்கிறது, எந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியர் இல்லை என்று தெரிந்தவர்தான் அந்த இரண்டாம் பொருளில் நாடறிந்தவர்.

அந்த இரண்டு பொருளுக்கும் பொருந்திய ஒருவர் நம்மிடமே இருந்தார். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற இந்திய ஹாக்கி அணியின் தலைவர் ஜெய்பால் சிங் முண்டா. ஆக்ஸ்போர்டில் படித்த அவர், 1939இல் ராஞ்சியில் ஆதிவாசி மகாசபையின் தலைமைக்கு வந்தார். 1946 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் தம்மை ஒரு காட்டுவாசி என்று பெருமையோடு அறிமுகம் செய்துகொண்டார். இந்தி மொழிபெயர்ப்பில் தம் மக்களை ‘பன்ஜாதி’ (காட்டுச் சாதி) என்று குறித்ததைக் கண்டதும் அவையில் எழுந்து, அது இழிசொல், ‘ஆதிவாசி’ என்று ஏன் எழுதவில்லை என்று கேட்டார். 1952இல் மக்களவைக்கு வந்தவர், 1970இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார்.